பெறுபவர் கையொப்பம்

போர் தொடங்கிய பத்தொன்பதாம் ஆண்டில், கடல் கடந்து போன படைகளைத் திருப்பி அழைத்துக்கொள்வது என்று அரசு முடிவெடுத்தது. முடிவெடுத்த கையோடு அதற்கென்று ஓர் அலுவலகமும் திறந்தார்கள். படைத் திரும்புகைத் திட்டமிடல் இயக்ககம் என்று பெயர். முதல் மாதம் அதில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில் ஆயிரத்து நூறு பேர். இடம் போதாமல் கட்டடத்தின் மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்பினார்கள். இந்த மூன்று ஆண்டில் எத்தனை சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எழுத்தர் ஏட்டைப் புரட்டாமலே சொல்லியிருப்பார். ஒருவரும் இல்லை.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவருக்கு அந்த இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. புறப்பாடுகளில் நீண்ட அனுபவம் உள்ள குடிமக்களின் ஆலோசனை தேவைப்படுவதாகவும், முப்பத்தாறு ஆண்டுகள் வண்டிகளைப் புறப்பட வைத்தவர் என்ற முறையில் அவர் வந்து உதவ வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி அவர் தெருவில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். வெள்ளத்தில் பாலம் உடைந்த ஆண்டு, அடுத்த பணிக்கு வரவேண்டிய ரிலீவர் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர் முப்பத்தொரு மணி நேரம் அந்த ஸ்டேஷனிலேயே நின்றார். ரிலீவர் படகில் வந்து, சாவிக்கொத்தையும் பச்சைக்கொடி, சிவப்புக்கொடிகளையும் எண்ணிப் பார்த்து, பொறுப்பு ஏட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்கு நடந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு இந்தக் கதையும் கட்டாயம் கிடைக்கும்.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த ஒரே மகன், இப்போது அந்தப் போரில் பதினேழாம் எண் காவல்நிலைக்குப் பொறுப்பாளன். எங்கோ ஒரு மலைமேல், பதினான்கு பேரோடு. ஓராண்டுப் பணி என்று போனவன், போய் மூன்றாண்டு ஆகிறது. பக்கத்துக் காவல்நிலைக்காரர்கள் சிலர் பொறுமை இழந்து, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்களாம். இவனிடமும் வா என்று கூப்பிட்டார்களாம். "ரிலீவர் வராம எங்க வீட்டுல யாரும் இடத்தை விட்டதில்ல" என்று சொல்லிவிட்டானாம். செய்தி வந்த முதல் வாரம் ஸ்டேஷன் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து சோறு இறங்கவில்லை.

இயக்ககத்துக்குப் புறப்பட்ட அன்று வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். மருமகள் வாசல் வரை வந்தாள். நான்கு வயதுப் பேத்தி அவருடைய காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா, அவரு எப்ப வருவாருன்னு அப்படியே ஒரு வார்த்தை..."

"நான் போறது நாட்டுக் காரியத்துக்கு. நம்ம வீட்டு ஆளுக்குன்னு அங்க போய் வாயைத் திறக்க மாட்டேன். அது நமக்குப் பழக்கமில்லை."

"வாயைத் திறக்க வேண்டாம் மாமா. காதையாவது திறந்து வச்சிட்டு வாங்க."

*

இயக்ககத்தில் அவரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டியவர் துணை இயக்குநர். கையில் ஒரு கோப்பு இல்லாமல் நடக்கத் தெரியாத அம்மாள். சிரித்த முகம்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். பின்வாங்கறதுங்கிற வார்த்தையை இங்க யாரும் சொல்லக் கூடாது. நாம பின்வாங்கல. திரும்புகை. அந்த வார்த்தையைக் கண்டுபிடிக்கவே கீழ ஒரு பிரிவு பதினாலு மாசம் உழைச்சது."

"அதுக்கு முன்னாடி என்னன்னு சொன்னீங்க?"

"முன்னேற்றத்தின் மறுதிசைன்னு வச்சிருந்தோம். கொஞ்சம் நீளமா இருக்குன்னு எடுத்துட்டோம்."

பின்கட்டு முற்றத்தில் தரை முழுக்கச் சுண்ணாம்புக் கோட்டால் ஒரு பெரிய விமானம் வரைந்திருந்தது. இருநூறு எழுத்தர்கள் தோளில் பையோடு வரிசையாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஊதலோடு நின்ற ஒத்திகை அதிகாரி பெருமையாகச் சொன்னார்: "இது இருநூற்றுப் பன்னிரண்டாவது ஒத்திகை சார். இதுவரைக்கும் ஒரு ஆள் விமானத்தைத் தவற விட்டதில்லை."

"எப்பக் கிளம்பும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம்.

"எது சார்?"

"விமானம்."

ஒத்திகை அதிகாரி அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "நாங்க ஏறி உட்கார்றதுக்கு மட்டும்தான் சார் பொறுப்பு. கிளம்பறது வேற பிரிவு."

கோட்டு விமானத்துக்குள் இரண்டு எழுத்தர்கள் ஜன்னல் ஓரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு கூடம் நிறைய மணலைக் கொட்டிப் போர்க்களத்தை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். மலை, ஆறு, சாலை, ஒவ்வொரு காவல்நிலையிலும் தகரச் சிப்பாய்கள். ஒரு பெண் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு தகரச் சிப்பாயாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டரின் கண் தானாகவே பதினேழாம் எண்ணுக்குப் போயிற்று. பதினைந்து தகரப் பொம்மைகள். முன்னால் நின்ற பொம்மைக்கு வண்ணம் உரிந்து முகம் இல்லை.

"தூசி தட்டும்போது இடம் மாறிடாதா அம்மா?"

"மாறினா விசாரணை சார். போன வருஷம் ஒருத்தர் தும்மினதுல ஆறு பேர் ஆத்தைத் தாண்டிட்டாங்க. இன்னும் கோப்பு முடியல."

அவருக்கு விரல் துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாலையில் ஆலோசகர்களை வரவேற்றுத் தலைமை இயக்குநர் பேசினார். இடப்பக்கச் சட்டை முழுக்கப் பதக்கங்கள். போருக்குப் போனதற்குப் பாதி, வரப்போவதற்குப் பாதி.

"நண்பர்களே! இந்தப் போருக்குள் நுழைய நாம் பதினொரு நாள்தான் திட்டமிட்டோம். அவசரப்பட்டுவிட்டோம் என்று வரலாறு நம்மைக் குறை சொல்கிறது. வெளியே வரும்போது அந்தத் தவறு நடக்க விடமாட்டேன்! நான் பொறுப்பேற்றபோது இந்த இயக்ககத்துக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. இன்று ஒன்பது மாடி. என் சிப்பாய் அங்கே கூடாரத்தில் நனைகிறான் என்றால், அவனுக்காகத் திட்டமிடும் எழுத்தர் இங்கே நனையக் கூடாது. அது அந்தச் சிப்பாய்க்குச் செய்யும் அவமரியாதை! நண்பர்களே, போர் என்றைக்காவது முடிந்துவிடும். அதைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் திட்டமிடல் என்றும் முடியாது. அதற்கு நான் உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் காதைத் திறந்துதான் வைத்திருந்தார். தேதி என்று எதுவும் அதில் விழவில்லை.

*

அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். ஒரு பெரிய தாளை விரித்து, அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்து, மலையிலிருந்து சாலைக்கு எத்தனை லாரி, சாலையிலிருந்து துறைமுகத்துக்கு எத்தனை வண்டி, எந்தக் கப்பல் எந்த நேரம் என்று கோடு போட்டார். இரண்டு நாளில் அட்டவணை முடிந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் பேரும் பதினொரு நாளில் வீட்டில் இருப்பார்கள்.

இயக்ககமே திரண்டு வந்து பார்த்தது. தலைமை இயக்குநர் தட்டிக் கொடுத்தார். அட்டவணைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டினார்கள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் துணை இயக்குநரின் அறைக்குப் போனார்.

"அம்மா, அட்டவணைப்படி முதல் லாரி நேத்தே கிளம்பியிருக்கணும்."

"அட்டவணை அருமை சார். அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா ஒப்படைப்புன்னு ஒண்ணு இருக்கே?" என்று ஒரு தாளை நீட்டினார். படிவம் நாற்பத்தொன்று. "எந்தப் பொறுப்பாளரும் தன் இடத்தை இன்னொருத்தர்கிட்ட முறையா ஒப்படைக்காம நகரக் கூடாது. எல்லாப் பொருளையும் எழுதி, பெறுபவர் ஒவ்வொண்ணையும் நேர்ல பார்த்து, மனநிறைவோட கையெழுத்துப் போடணும்."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்த விதி பிடித்திருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் கட்டிக் காத்த விதி அது. "சரிதான். அதுல தப்பே இல்லை. அப்ப பெறுபவர் யாரு?"

"அதுக்குத்தான் பன்னிரண்டாயிரம் பேரைப் புதுசா அனுப்பப் போறோம். இதுதான் திரும்புகையோட முதல் கட்டம்."

"அப்புறம்?"

"ரெண்டாம் கட்டத்துல அவங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வருவோம்."

"அவங்க யார்கிட்ட ஒப்படைப்பாங்க?"

"இன்னொரு பன்னிரண்டாயிரம் பேர் போவாங்க சார்." துணை இயக்குநர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "நாம யாரையும் அம்போன்னு விட்டுட மாட்டோம்."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். விதியை முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தார். பெறுபவர் என்பவர் வயதுவந்தவராகவும், எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், பொறுப்பேற்க மனமுள்ளவராகவும் இருத்தல் வேண்டும் என்று இருந்தது.

"பெறுபவர் நம்ம படை ஆளாத்தான் இருக்கணும்னு இதுல போடலையே அம்மா?"

துணை இயக்குநர் வாங்கிப் பார்த்தார். "போடலை. போடவேண்டிய தேவை வந்ததில்லை."

"ஏதாவது ஒரு காவல்நிலையில பேசி விசாரிச்சுப் பார்க்கலாமா?"

"தாராளமா. ஆனா லைன் எல்லாம் பழுது சார். இன்னிக்குப் பதினேழு மட்டும்தான் கிடைக்கும்."

அவர் கை தாளை விட்டு நகர்ந்தது. "அது வேண்டாம். அங்க இருக்கிறவன் என் மகன். சலுகைன்னு ஆயிடும்."

"மகனா? ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார் துணை இயக்குநர். "குரல் அடையாளச் சரிபார்ப்புப் படிவம் ஒண்ணு மிச்சம்."

*

இரைச்சலுக்கு நடுவில் குரல் வந்தது.

"பதினேழாம் நிலை. பொறுப்பாளர் பேசறேன்."

"நான்தான் பேசறேன்."

"அப்பா?" சற்று நேரம் வெறும் இரைச்சல். "ரிலீவர் கிளம்பிட்டாராப்பா?"

"ஆபீஸ் விஷயமாப் பேசறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. உனக்கு எதிர்ல யாரு இருக்கா?"

"எதிர்ல எதிரிதான்பா இருக்கான்."

"அது தெரியும்டா. எப்படிப்பட்ட ஆளு?"

"நல்ல மனுஷன்பா. ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு. இது அவரு ஊரு. நாங்க உட்கார்ந்திருக்கிறதே அவரோட பள்ளிக்கூடம்தான். தினம் காலையில வந்து சத்தம் போட்டுக் கேப்பாரு, 'எப்பப்பா கிளம்பறீங்க, கூரையைச் சரி பண்ணணும்'னு. ரிலீவர் இன்னும் வரலை சார்னு சொல்லுவேன். ஐயோ பாவம்னுட்டுப் போயிடுவாரு."

"சுடறதில்லையா?"

"மாசக் கடைசியில ரெண்டு பக்கமும் வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் சுடுவோம். அறிக்கை அனுப்பணுமே."

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "படிவம் நாற்பத்தொண்ணு அங்க இருக்கா?"

"கட்டுக்கட்டா இருக்கு. ரொட்டி வராட்டாலும் படிவம் வந்துடும்."

"அப்ப கேட்டுக்கோ. அங்க இருக்கிற ஒவ்வொரு பொருளையும் எழுது. ஒண்ணு விடாம. அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டு. அவர் பார்த்து, திருப்திப்பட்டு, பெறுபவர்ங்கிற இடத்துல கையெழுத்துப் போடட்டும். போட்டதும் உன் ஆளுங்களைக் கூட்டிட்டு இறங்கிடு."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"அப்பா... இது மானக்கேடு இல்லையே?"

"இடத்தைத் திறந்து போட்டுட்டு ஓடி வந்தா மானக்கேடு. உரியவன் கையில ஒழுங்கா ஒப்படைச்சிட்டு வர்றதுல என்னடா மானக்கேடு? பள்ளிக்கூடம் யாரோடது?"

"அவரோடதுதான்."

"பின்ன?"

*

இருபத்தாறாம் நாள், தானியக் கப்பல் ஒன்றில் பதினைந்து பேரும் வந்து இறங்கினார்கள். பொறுப்பாளன் கையில் படிவத்தின் நகல் இருந்தது. மருமகள் வாசலில் நின்று சிரித்தாள். பிறகு உள்ளே ஓடி, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சிரித்தாள். பேத்தி மட்டும் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாள். மகன் அதைக் கேட்டுவிட்டான். ஷூவின் கயிற்றை அவிழ்ப்பதில் அளவுக்கு மீறிக் கவனமாக இருந்தான்.

இயக்ககத்தில் வெடிகுண்டு விழுந்ததுபோல் ஆயிற்று. திட்டமிடாமல் ஒரு திரும்புகை நடந்துவிட்டது! அவசரக் கூட்டம் கூட்டினார்கள். சரிபார்ப்புப் பிரிவினர் படிவத்தை ஒரு வாரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். நாற்பத்தொன்றாம் படிவம் உருவான நாளிலிருந்து பிழையே இல்லாமல் நிரப்பப்பட்ட முதல் படிவம் அதுதான் என்று கண்டார்கள். கிணற்று வாளி ஒன்று, பெஞ்சு பதினெட்டு, கரும்பலகை ஒன்று என்று எல்லாம் வரிசையாக இருந்தன. குறிப்பு என்ற இடத்தில் வாத்தியார் தன் கைப்பட எழுதியிருந்தார்: "மேற்கு ஜன்னல் உடைந்துள்ளது. உடைத்தது எங்கள் குண்டுதான். வருந்துகிறோம்."

தலைமை இயக்குநர் எழுந்தார். "இது சரியாக இருப்பதுதான் இதில் உள்ள மிகப் பெரிய தவறு. ஆளாளுக்கு இப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால், திரும்புகை என்ன ஆவது? நாளைக்கு ஒரு தாய், என் பிள்ளையும் வரட்டுமே என்று கேட்டால் நாம் எந்த முகத்தோடு பதில் சொல்வது?"

ஸ்டேஷன் மாஸ்டர் கை தூக்கினார். "சார், மத்த எல்லா நிலையிலயும் இதே மாதிரி ஒப்படைச்சா, பதினொரு நாள்ல எல்லாரும் வந்துடுவாங்க."

 பின்வரிசையில் ஒத்திகை அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் வந்துட்டா, அப்புறம் நாங்க எங்க சார் போறது?"

"ஆலோசகர் உணர்ச்சிவசப்படுகிறார்," என்றார் தலைமை இயக்குநர். அந்த வாக்கியம் அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

மூன்று நாள் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். படிவம் செல்லும். படிவம் செல்லும் என்றால் பெறுபவர் முறையான பொறுப்பாளர். முறையான பொறுப்பாளர் என்றால் அவர் நம்முடைய ஆள். ஆகவே பதினேழாம் நிலை ஒரு சிப்பாய்கூட இல்லாமல் நம் வசமே உள்ளது. இது வரலாறு காணாத வெற்றி. மணல் களத்தில் பதினைந்து தகரச் சிப்பாய்களை எடுத்துவிட்டு, தகர வாத்தியார் ஒருவரை வைத்தார்கள். நம்முடைய ஆளாகிவிட்ட அவரும் கடினப் பகுதியில் இருக்கிறார். விதிப்படி அவருக்கும் ஓய்வு உண்டு. அவரை விடுவிக்க அந்த இடத்தை நன்கு அறிந்த ஒருவரை அனுப்புவதே முறை.

அப்படி ஒருவர்தான் இருந்தார். பதினைந்து நாளில் திரும்பிப் போகும்படி ஸ்டேஷன் மாஸ்டரின் மகனுக்கு உத்தரவு வந்தது.

*

மகன் உத்தரவைப் படித்துவிட்டு, ஷூவை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

"என்ன செய்யறீங்க?" என்றாள் மருமகள்.

"போகலைன்னா ஓடிப்போனவன்னு எழுதுவாங்க. நம்ம குடும்பத்துப் பேரு என்ன ஆகும்?"

மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள். "முப்பத்தொரு மணி நேரம் ஸ்டேஷன்ல நின்னீங்களே மாமா. அந்த முப்பத்தொரு மணி நேரமும் வெள்ளத்துல கைக்குழந்தையை வச்சிக்கிட்டு அத்தை என்ன பண்ணாங்கன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

இத்தனை ஆண்டில் அந்தக் கதையைக் கேட்ட ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர் மனைவியும் உயிரோடு இருந்தவரை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.  ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையை இழுத்துப் போட்டார். மகனின் பையிலிருந்து எழுதாத படிவம் நாற்பத்தொன்று ஒன்றை எடுத்தார்.

"இவன் இப்ப இந்த வீட்டுல ஒரு பொறுப்புல இருக்கான். மகன், தகப்பன். ரிலீவர் வந்து முறையா எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் எங்கயும் நகர மாட்டான். நீ சொல்லும்மா, நான் எழுதறேன்."

கணவன் என்ற தலைப்பில் ஒரு வரிகூடக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தலைப்பில் இயக்ககம் ஏதேனும் விளக்கம் கேட்குமானால் நேரில் வரலாம், கைத்தடியோடு காத்திருப்பேன் என்று அடிக்குறிப்பே எழுதினார். மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். மற்றபடி அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒழுகும் குழாய், ஒன்று. மாமனாரின் இடது முழங்காலுக்குத் தைலம் தேய்த்தல், வாரம் மூன்று முறை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர்த் தகராறுக்கு வரும்போது பேசாமல் கேட்டுக்கொள்ளல். இப்படி இருநூற்றுப் பதின்மூன்று. கடைசியாக அவள் சொன்னாள்:

"இடி இடிச்சா குழந்தை ஓடி வந்து ஏறிக்கிற தோள், ஒண்ணு."

ஸ்டேஷன் மாஸ்டரின் பேனா நின்றது. இடி இடித்தால் பேத்தி ஏறிக்கொள்வது அவர் தோளில்தான். அது அவருக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். ஏட்டில் இல்லாததை எழுதி அவருக்குப் பழக்கமில்லை. மகனை ஒரு தரம் பார்த்தார். எழுதினார்.

இயக்ககம் படிவத்தைத் தள்ளவில்லை. படிவத்தைத் தள்ள அதற்குத் தெரியாது. பத்தே நாளில் மூன்றாம் மாடித் தலைமை எழுத்தர் வந்து கதவைத் தட்டினார். ஐம்பத்திரண்டு வயது, தடிக்கண்ணாடி, கையில் சாப்பாட்டுப் பை.

"வணக்கம் சார். என்னை உங்க மகனா நியமிச்சிருக்காங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உட்காருங்க. முதல்ல எல்லாத்தையும் சரிபார்க்கணும்."

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன். நேர்ல பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். என் வேலையில அப்படி ஒரு பேரு எனக்கு."

சொன்னபடிதான் நடந்துகொண்டார். காலை பத்து மணிக்கு வருவார், ஐந்து மணிக்குப் போவார். குழாய் ஒழுகுவதை அரைநாள் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். கொஞ்சம் அழுத்தமாகத் தேய்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவர்த் தகராறுக்கு வருவதற்காக ஒன்பது நாள் காத்திருந்தார். வந்தவர், "நீ யாருய்யா?" என்று கேட்க, "இவங்க மகன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அன்று சண்டை போடாமலே போய்விட்டார்.

ஐந்தாவது வாரம் இருநூற்றுப் பதின்மூன்றும் முடிந்தது. ஒன்று பாக்கி.

"இது எப்பப் பார்க்கறது சார்?" என்றார் தலைமை எழுத்தர், கடைசி வரியில் விரலை வைத்து.

"மழை வரணும்."

"வரட்டும். ஆனா ஒரு விஷயம் சார், ஒரு வரி பொய்யா இருந்தா அதை அடிச்சிட்டு மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்ப அவர் கிளம்பித்தான் ஆகணும்."

இந்த ஐந்து வாரத்தில் மகன் தன் பெண்ணுக்குக் காகிதத்தில் கப்பல் செய்து கொடுத்தான், தலை பின்னக் கற்றுக்கொண்டான், செருப்பு மாட்டிவிட்டான். அவள் கப்பலை வாங்கிக்கொள்வாள், பின்னிக்கொள்வாள், பிறகு தாத்தாவின் மடியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். மாமா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவும் தொடங்கவில்லை.

ஒரு பிற்பகல் வானம் கறுத்தது. மகன் ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் மாஸ்டர் தன் நாற்காலியில் இருந்தார். தலைமை எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முறைப்படி நடுக்கூடத்தில் நின்றார். மருமகள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேத்தி தரையில் உட்கார்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

தொலைவில் முதல் உறுமல் கேட்டது. பேத்தி நிமிர்ந்தாள். வழக்கம்போல் தாத்தாவைப் பார்த்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். முழங்கால் சுருக்கென்றது. கைத்தடியைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனார். பின்னால் கதவைச் சாத்தினார். பெரிய பெரிய துளியாக மழை விழத் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர், "ஐயா, நனையறீங்களே!" என்று கத்தினார். அவர் திரும்பவில்லை.

இடி விழுந்தது. தெரு முழுக்க அதிர்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு வீறிடல், ஓடும் காலடி, ஸ்டூல் கவிழும் ஓசை. பிறகு எதுவும் கேட்கவில்லை.  அங்கேயே நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. தலைமை எழுத்தர் குடையோடு வெளியே வந்து, அதை அவர் தலைக்கு மேல் பிடித்தார். இன்னொரு கையில் படிவம்.

"பார்த்துட்டேன் சார். பொருள் இருக்கு. கழுத்தைக் கட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குது." படிவத்தைக் காட்டினார். இருநூற்றுப் பதினான்காம் வரிக்கு எதிரே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: இருப்பு உண்மை. ஒப்படைக்க இயலாத நிலையில் உள்ளது. பெறுபவர் பெறவில்லை. "மேல இருந்து வேற ஆள் அனுப்புவாங்க. அவரும் இதையேதான் எழுதணும்."

ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைதானே, துடைக்க வேண்டியிருந்தது.

தலைமை எழுத்தர் போகவில்லை. குடையைப் பிடித்தபடியே நின்றார். "சார், ஒரு விஷயம். என் தம்பி இருபத்திரண்டாம் நிலையில இருக்கான். போய் அஞ்சு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல கேக்கலாம்னுதான் பார்க்கறேன். கேட்டா விதிப்படிதான் நடக்கும்னு சொல்லி அனுப்பிடுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

தலைமை எழுத்தர் குடைக்கம்பியைப் பார்த்தார். "நான்தான் சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் அவரை ஒரு கணம் முறைத்தார். பிறகு குடையின் கைப்பிடியைத் தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

"உங்க தம்பிக்கு எதிர்ல யாரு இருக்கா?"

"தெரியலையே சார்."

"நாளைக்குப் போன் போட்டுக் கேளுங்க. நல்லா எழுதத் தெரிஞ்சவரான்னும் கேளுங்க."